நினைவு வைத்துக்கொள்ளும் பெட்டி

மணி மூன்று பத்து. நாலு மணிக்குள் ஏதாவது ஒரு பெட்டியைச் சொல்லியாக வேண்டும். ஜெசிந்தா மூன்று பெட்டிகளின் படத்தையும் லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல், ஷெட்டில் வண்டி தூக்கும் லிஃப்ட்டில் தொங்கிய வெள்ளைக் காரின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் பெட்டியைக் கழற்றிய இடத்தில் பெரிய பொக்கை. பல்லைப் பிடுங்கின வாய் மாதிரி இருக்கே என்று நினைத்தாள், யாருடைய வாய் என்றும் சேர்த்தே நினைத்தாள், நெஞ்சுக்குள் இளநீர் குடித்த மாதிரி ஒரு குளிர்ச்சி இறங்கியது. கழற்றிய ஐந்து கியர் பெட்டி மூலையில் கிடந்தது. மாட்டப்போகிற ஆறு கியர் பெட்டி ஜப்பானிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் காபி வராத மாப்பிள்ளை போல. அதன் வயிற்றுக்குள், சென்டர் டிஃப் என்கிற நடுப் பல்சக்கரக் கூட்டில், ஒரு காயில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும். மண் ரோட்டில் அந்தப் பூட்டு வேண்டும். தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் அது கூடவே கூடாது, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி கேட்காது, பிடிவாதமாக நேரே போகும். எப்போது எவ்வளவு கரண்ட் என்று காயிலுக்குச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும். ஜப்பானில் அதைக் காரின் சொந்தக் கம்ப்யூட்டரே சொன்னது. இந்தக் காரில் அது கிடையாது, வெளியே யாரோ செய்து விற்கிற கன்ட்ரோலரை வாங்கித்தான் மாட்ட வேண்டும். எதை என்று சொல்வது ஜெசிந்தாவின் பொறுப்பு. போத்தனூர்க்காரி, பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து இந்த ஷெட்டில் வயரிங். "இந்த சென்டர் டிஃப் சமாச்சாரம் உன்ற மண்டைல மட்டுந்தான் ஏறும் அம்மிணி, நீயே பாத்துச் சொல்லிப்போடு" என்று ஷெட்டின் சொந்தக்காரர் நஞ்சப்பண்ணன் காலையில் சொன்னார், சொல்லிவிட்டு டீ டம்ளரைப் பார்த்தபடி, "ஆனா நீ சொன்னேன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாது, பாத்துக்க" என்றார். பாத்துக்க. கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, தொண்டையில் கொஞ்சம் சளி சேர்த்து, கையிலிருந்த மீட்டரிடம் ஜெசிந்தா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நஞ்சப்பண்ணனே வந்து நின்றார். மீட்டர் பயந்தது. உடனே, வெளிநாட்டுச் சாமான்களை வரவழைத்துத் தருகிற சென்னை ஏஜென்ட்டின் குரலைப் போட்டாள்: "இன்னாமா, கரீட்டா நாலுக்கு லிஸ்ட்டு க்ளோஸு, அப்பால என்னாண்ட வந்து அழுவாத, அடுத்த கண்டெய்னர் ரெண்டு மாசம்." ரெண்டு மாசம் தாங்காது, அடுத்த கார் ராலி ஐந்து வாரத்தில். அடுத்த ராலிக்குள் ஆதர்ஷை ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

கார் ஆதர்ஷுடையது. பம்ப்செட் கம்பெனிக் குடும்பம், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு உள்ளே வருவான், "ஹாய்ங்ணா, எல்லாம் ஓகேவா, டீ சொல்லுங்களேன்" என்று தன் வீட்டு வராண்டாவுக்குள் நுழைகிற மாதிரி நுழைவான், அந்தச் 'சொல்லுங்களே'னில் ஒரு வழுவழுப்பு இருக்கும், அதை ஜெசிந்தாவால் வாயைத் திறக்காமலேகூடச் செய்ய முடியும். போன வருடமும் அவனுக்கு இதே மாதிரி ஒரு கார், இதே மாதிரி ஆறு கியர், கன்ட்ரோலருக்கு வயர் இழுத்தது இவள். மலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் கடைசிச் சுற்று. எட்டு கிலோமீட்டர் செம்மண், முடிவில் ஒரு கிலோமீட்டர் தார், தாரில் ஏறுவதற்கு முன் ஓட்டுகிற ஆதர்ஷ் டேஷ்போர்டில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான், பல் தேய்ப்பதைவிடச் சின்ன வேலை. முதல் கொண்டை ஊசியிலேயே கார் வளையவில்லை. நேராகப் போய்க் கருங்கல் தடுப்புச் சுவரில், இடப்பக்கமாக. இடப்பக்க சீட்டில் நோட்ஸ் வாசிக்கிற நேவிகேட்டர் ரெஜி இருந்தான். பாலக்காட்டுக்காரன், சிரித்தால் கண் காணாமல் போகும். அவன் கால் மூன்று இடத்தில். ஜெசிந்தா ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வளைவுக்கு முன்னால் தாரில் நான்கு டயரும் தேய்த்து இழுத்த நான்கு கறுப்புக் கோடுகள் இருந்தன, பூட்டிய வண்டி போடுகிற கோடு, ஆதர்ஷ் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான், உள்ளே எட்டிப் பார்த்தால் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. சமர்த்தாக, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை மாதிரி, பூஜ்யத்தில். "நான் ஜீரோலதான் வெச்சிருந்தேன் அங்கிள், யூ கேன் செக். வயரிங் ஷார்ட் ஆகித் தானா லாக் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு போட்ட வயரிங்" என்றான் விசாரணையில். எஸ்டேட் கிளப்பில் மேசைக்குப் பின்னால் மூன்று கோட்டுக்காரர்கள், நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனிக்குக் கொண்டுவந்து, "தாங்கள்தான் மின்கம்பி வேலை பார்த்தவரா?" தாங்கள்! ஆமாங்க, நாங்கள்தான். வயர் அறுந்தால் கரண்ட் போகாதுங்க, கரண்ட் போகலைன்னா பூட்டு விட்டுரும், இறுகாது, தளரும், அறுந்த வயர் எப்படிங்க வண்டியைப் பூட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் குனிந்து பக்கத்துக் கோட்டிடம் எதையோ கேட்டார், பக்கத்துக் கோட்டு சிரித்தது, "இந்தப் பொண்ணுதானே காலையில் வாக்கிடாக்கியில் நஞ்சப்பன் குரலில் பேசி நாலு டயரையும் கழற்றச் சொன்னது?" ஆமாங்க, அதுவும் நாங்கள்தான். காலை ஆறரைக்கு, பனியில் எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறார்களே, கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று. பக்கத்து டீமே ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடியது. அவ்வளவு அழகான வேலை. அந்த வேலைதான் மத்தியானம் அவள் வாயை அடைத்தது. ஊர்ப்பட்ட குரலில் பேசுகிறவள் சொந்தக் குரலில் ஒன்று சொன்னால் அதையும் எவனுடையதோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் போல. நஞ்சப்பண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் ராலி வண்டி எதிலும் அவள் பெயர் எழுதவில்லை, ஒரு வருடமாக டெம்போவுக்கு ஹாரன், டிராவல்ஸ் வேனுக்குப் படிக்கட்டு லைட்டு.

ஒரு வருடமாக இன்னொன்றும். டிக். சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டர், நான்கு பின், அதை அழுத்தினால் டிக் என்று உட்காரும். அன்றைக்கு அழுத்தினாள், டிக் கேட்டது. கேட்டதா? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் அதே டிக் இவளுக்கும் வரும், அச்சு அசல், வேலை செய்யும்போது அதுபாட்டுக்கு வாய் அதைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஞாபகத்தில் இருக்கிற டிக் கனெக்டருடையதா, நாக்குடையதா? சரி, உட்காராமல்தான் போகட்டும், உட்காராத கனெக்டர் கழன்றால் பூட்டு விடும், பூட்டாது, அதைத்தானே சொன்னேன். கழலாமல் சாய்ந்து பக்கத்துப் பின்னில் பட்டிருந்தால்? பட்டிருந்தால் பூட்டும். படாது, நடுவில் பிளாஸ்டிக் சுவர் இருக்கிறது. மோதலுக்குப் பிறகு வயரை முழுக்க உரித்துத் தரையில் பரப்பிப் பதினோரு முறை மீட்டர் வைத்தாள், ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கனெக்டர் மட்டும் நசுங்கிப் போயிருந்தது, அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, கன்ட்ரோலரோ அப்பளம். அந்த ஒரு இடத்தில் வந்து யோசனை கொக்கியில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும், விட்டால் தொங்கும். முந்தாநாள் ரெஜி போன் பண்ணினான். "ஜெசி, டாக்டர் ஓகே பறஞ்சு. ஞான் திரும்ப வராம்." ஆதர்ஷ் கூடவா? "பின்னே? அவன்தானே கூப்பிட்டது. வேற யாரு இந்தக் காலை எடுக்கும்?" சிரித்தான், கண் காணாமல் போயிருக்கும். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல மனசோடுதான், மேலே வலிக்காமல், "இந்தத் தடவை வயரெல்லாம் நல்லாப் பாத்து மாட்டிக்கோ, கேட்டோ?" கேட்டது. அந்தக் 'கேட்டோ' இரண்டு நாளாகக் காதில் ஈ மாதிரி. ரெஜியின் குரலை மட்டும் அவள் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

மூன்று இருபத்தைந்து. முதல் பெட்டி. ஒரு குமிழ், இரண்டு வயர், முடிந்தது. விற்கிறவன் எழுதியிருக்கிறான், எளிமையானது, உறுதியானது, பொருத்தப் பதினைந்து நிமிடம். வைத்த இடத்தில் வைத்தபடி கரண்டைத் தள்ளும், வேறு எதுவும் கேட்காது, ஹேண்ட் பிரேக் இழுத்தால்கூடப் பூட்டை விடாது. மறதிக்காரனுக்கு இதைக் கொடுப்பது, தூக்கத்தில் நடக்கிறவனை மொட்டைமாடியில் படுக்கவைக்கிற மாதிரி. மாட்டலாமே. யார் என்ன சொல்ல முடியும், அவனாகவே மறப்பான், அவனாகவே போவான், மறுபடியும் ஒரு வளைவு, மறுபடியும் நேராக, இந்தத் தடவை வயரில் பழி போட முடியாது, இருப்பதே இரண்டு வயர். ஜெசிந்தா அந்தக் காரை மலைமேல் ஏற்றினாள். செம்மண்ணைத் தாண்ட வைத்தாள். தாரில் இறக்கினாள். வளைவு வந்தது, வண்டி வளையவில்லை, ஆதர்ஷின் வாய் வட்டமாகத் திறந்தது, அந்த வட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், கார் போய்ச் சுவரில் முட்டியது, இடப்பக்கமாக. ஐயோ, இடப்பக்கம். பின்னால் எடுத்தாள். மறுபடியும் ஏற்றினாள். இந்தத் தடவை வலப்பக்க வளைவுக்குப் பதில் இடப்பக்க வளைவு, அப்படியென்றால் வலது பக்கம் முட்டும், அவன் பக்கம். வளைவு வந்தது, அவன் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தான், எவனும் ஒடிப்பான், தன் பக்கத்தைக் காப்பாற்றத் தன்னை அறியாமல் திருப்புவான், வண்டி சுழன்று இடப்பக்கமாகவே முட்டியது. மூன்றாவது தடவை சுவரே இல்லாமல் தேயிலைப் புதரில் விட்டுப் பார்த்தாள். புதருக்குக் கீழே சரிவு. நாசமாப் போக, எந்தப் பக்கம் இடித்தாலும் ரெஜி இருக்கிறான். பழிவாங்கக்கூட விடாமல் பக்கத்து சீட்டில் ஓர் அப்பாவியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், என்ன விளையாட்டுடா இது. பெட்டியே வாங்காமல் தானே ஒன்று செய்தால்? சின்ன போர்டு, ராலி நடக்கும்போது வேலை செய்யும், காரை டிரெய்லரில் ஏற்றும்போது மட்டும் பூட்டும், எல்லோர் முன்னாலும் அசிங்கமாகக் கிறீச்சிட்டு நிற்கும், போட்டோக்காரர்கள் இருப்பார்கள். இது நன்றாயிருக்கிறது. ஒரு நிமிடம் இதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் உருண்டு புரண்டு சிரித்தாள். அப்புறம் அவனே, "பாத்தீங்களாண்ணா, மறுபடியும் வயரிங்" என்றான், அதே வழுவழுப்பில், அவள் அந்தப் போர்டைக் கழற்றித் தூர வீசினாள்.

இரண்டாவது பெட்டி நல்ல பிள்ளை. பிரேக்கைப் பார்க்கும், ஹேண்ட் பிரேக்கைப் பார்க்கும், மிதித்தாலோ இழுத்தாலோ தானாகவே பூட்டை விடும். நல்ல பிள்ளைகளைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது. மூன்றாவது பெட்டியும் இதையெல்லாம் செய்யும், கூடவே ஒன்று: நினைவு வைத்துக்கொள்ளும். குமிழ் எந்த நொடியில் எங்கே இருந்தது, காயிலுக்கு எவ்வளவு போனது, பிரேக் எப்போது, ஒரு நொடியைப் பத்தாக அறுத்து ஒவ்வொரு துண்டையும் எழுதி வைக்கும், மோதினாலும் அழியாத மாதிரி தனியாக அலுமினிய டப்பாவில். மூன்று முப்பத்தைந்துக்கு ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுதானே. இவனைச் சுவரில் முட்ட வேண்டாம், இவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சியைக் குடிவைத்தால் போதும், தூங்காத சாட்சி, இவன் அங்கிள்களுக்குச் சிரிக்காத சாட்சி. மறப்பான், கண்டிப்பாக மறப்பான், ஆனால் பெட்டி தானாகப் பூட்டை விட்டு ரெஜியைக் காப்பாற்றிவிடும், காப்பாற்றிவிட்டு, "மதிப்பிற்குரிய ஐயா, நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் ஏழு நொடிக்கு இவர் குமிழைத் திருகவில்லை" என்று கோட்டுக்காரர் தமிழிலேயே எழுதி வைக்கும். உடனே அடுத்த நினைப்பு, அழையாத விருந்தாளி: அது இவளையும் எழுதும். குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போனால் அதையும் எழுதும். அன்றைக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தால் எதை எழுதியிருக்கும்? அவனுடைய மறதியையா, இவளுடைய நாக்கையா? விரல் மூன்றாவது படத்தின்மேல் போய் நின்றது, எழுதட்டும், எழுதித் தொலைக்கட்டும், இன்னொரு வருடம் இப்படி இருக்க முடியாது என்று அதையே அழுத்தி, "மூணாவதுங்ணா" என்று அவள் குரல் கொடுத்ததும், வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டன.

"ஹாய்ங்ணா. எல்லாம் ஓகேவா? டீ சொல்லுங்களேன்." கண்ணாடி தலைமேல். வெள்ளை ஷூ. ஜெசிந்தாவைப் பார்த்ததும், "அட, மிமிக்ரி மேடம்! இவ இன்னும் இங்கதான் இருக்காளா?" என்று நஞ்சப்பண்ணனிடம் கேட்டான்.

"வயரெல்லாம் வேற ஆளுங்க தம்பி" என்று நஞ்சப்பண்ணன் கூசாமல் பொய் சொன்னார். "கன்ட்ரோலர் மட்டும் முடிவு பண்ணோணும். மூணுல மூணாவது நல்லாருக்குமாட்ட இருக்குது. நாலு மணிக்குள்ள ஏஜென்ட்டுக்குச் சொல்லோணும்."

"என்ன பண்ணும் அது?"

நஞ்சப்பண்ணனுக்குத் தெரியாது. அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குமிழ் எப்ப எங்க இருந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கும் சார். ஆக்ஸிடென்ட் ஆனாலும் அழியாது."

ஆதர்ஷ் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டான், ஷெட்டுக்குள்ளே, நிழலில். "அதெல்லாம் எதுக்குண்ணா? வெயிட்டு."

"ரெண்டு சோப்புக் கட்டி அளவுதான் சார்."

"போட்டிக்காரன் எவனாவது டேட்டாவைத் திருடிட்டா?"

"பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கும் சார்."

"ரெண்டாவதே போதும். நான் சொல்றேன்ல."

"ரெண்டாவதும் மூணாவதும் ஓட்டுறதுக்கு ஒண்ணுதானுங்களே தம்பி" என்றார் நஞ்சப்பண்ணன், மெதுவாக, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "எழுதி வெச்சா உங்களுக்குத்தானே நல்லது. போன வருசம் இது இருந்திருந்தா இந்தப் புள்ளையோட வயரா இல்லையான்னு அன்னைக்கே தெரிஞ்சுருக்கும். உங்களுக்குத்தான் சாட்சி."

"அது முடிஞ்சுபோன விஷயம்ணா."

"செரி, உங்க இஷ்டம்." அவர் மேசையிலிருந்து ஜாப் கார்டை எடுத்தார். ஷெட்டின் வழக்கம் அது. ஷெட்டில் சொன்ன ஒரு சாமானைக் கஸ்டமர் வேண்டாம் என்றால், எதற்கு வேண்டாம் என்று கார்டில் எழுதி அவரே கையெழுத்துப் போட வேண்டும். பிரேக் லைனிங்கிலிருந்து வைப்பர் வரைக்கும். "பதிவு செய்கிற பெட்டி வேண்டாம், அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. காரணமும்."

பேனாவை ஆதர்ஷ் வாங்கவில்லை. லிஃப்ட்டுக்குக் கீழே நின்றிருந்த இரண்டு மெக்கானிக்குகளும் ஸ்பேனரை நிறுத்தினார்கள். அவன் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் எதையோ சின்னதாகத் திருகிக்கொண்டிருந்தது, வலமிருந்து இடமாக, வலமிருந்து இடமாக, அவனுக்கே தெரியாமல். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு ஒரு வருடமாகக் கொக்கியில் மாட்டிக் கிடந்த யோசனை கழன்றது, கழன்ற இடத்தில் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை, சுத்தமான, தெளிந்த, பசி மாதிரியான கோபம் வந்தது. நீதான். நீயேதான். ரெஜி கால் உடைந்து பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தபோது அவனை விட்டுவிட்டுக் கையை நீட்டி முதலில் குமிழைத்தான் திருப்பியிருக்கிறாய்.

"இவ்வளவு ஃபார்மாலிட்டி இருந்தா எனக்கு வேற ஷெட்டு இருக்குண்ணா. நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன்."

நஞ்சப்பண்ணன் லிஃப்ட்டை நிமிர்ந்து பார்த்தார். "கியர் பெட்டி இல்லாம எப்படிங் தம்பி எடுத்துட்டுப் போவீங்க?"

"டிரக் வரச் சொல்றேன்."

"சொல்லுங்க." அவர் ஆதர்ஷை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார். முகம் ஒரு மாதிரி இருந்தது, வெயிலில் காய்ந்த துணியை மடிக்கிற மாதிரி அதைச் சரிப்படுத்திக்கொண்டு, "ரெஜிக்குப் போன் போடு அம்மிணி. நான் பேசறேன். அந்தக் கோட்டுக்காரங்களுக்கும் நானே எழுதறேன். அன்னைக்கே பேசிருக்கோணும்" என்றார். முதுகைக் காட்டி நின்று அவர் போனில் பேசினார், ரெஜி நம்பினானா, அழுதானா என்று அவர் தோளைப் பார்த்துத் தெரியவில்லை. ஆனால் அவர் மூன்று முறை, "ஆமாப்பா, அவனேதான்" என்று சொன்னது ஷெட் முழுக்கக் கேட்டது.

நாலு மணி வந்து போனது. ஏஜென்ட் இரண்டு முறை கூப்பிட்டான், யாரும் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு டிரக் வந்தது, கேட்டுக்குள் நுழையாமல் வெளியே ரோட்டில் நின்றது. எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்துக் கட்டி, ஆக்சில் முனைகளை மட்டும் மாட்டி, காரைக் கீழே இறக்கினார்கள். முற்றம் கேட்டை நோக்கி ஒரு முழம் ஏற்றம். இந்த மாதிரி வண்டியைத் தள்ளும்போது இருப்பதிலேயே எடை குறைந்தவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பது வழக்கம். எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் வலப்பக்கக் கதவைத் திறந்து, சீட்டை முன்னால் இழுத்து, வசதியாக உட்கார்ந்தாள். மெக்கானிக்குகள் இரண்டு பேருக்கும் திடீரென்று டீ குடிக்க வேண்டியிருந்தது. நஞ்சப்பண்ணனுக்கு இடுப்பு வலி. டிரக் டிரைவரும் ஆதர்ஷும்தான் பாக்கி, டிரைவரோ, "பலகை பிடிக்கோணுங் சார்" என்று முன்னால் போய்விட்டார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் ஆதர்ஷின் முகம் தெரிந்தது, இரண்டு கையும் டிக்கிமேல், வெள்ளை ஷூ ஆயில் தரையில் வழுக்கியது. கார் அசைந்தது. ஓர் அடி, இரண்டடி. சரியாக ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஜெசிந்தா பிரேக்மேல் பாதத்தை வைத்தாள், நிறுத்துகிற அளவுக்கு இல்லை, ஓர் இட்லியை அமுக்குகிற அளவுக்கு.

"என்ன ஆச்சு, ஏன் போக மாட்டேங்குது?" என்றான் ஆதர்ஷ், மூச்சிரைக்க.

அவள் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "தெரியலீங் சார். இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."